'எ டைகர்', 'தி டைகர்', 'டைகர்ஸ்': பொதுவாகச் சொல்ல எது?

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது. எந்தப் புலி என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் வெறும் 'புலி' என்றாலே இனம் முழுவதும் வந்துவிடும். 'ஒரு புலி பசித்தாலும்' என்று மாற்றிப் பாருங்கள், ஏதோ கதை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலோ 'டைகர்' தனியாக நிற்காது. முன்னால் 'எ' அல்லது 'தி' வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் 'ஸ்'.

'எ டைகர் ஈட்ஸ் மீட்', 'தி டைகர் ஈட்ஸ் மீட்', 'டைகர்ஸ் ஈட் மீட்' மூன்றும் சரி. அதனால் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பயனிலையை மாற்றினால் குட்டு உடைந்துவிடும்.

மொரீஷியஸின் டோடோ பறவை 17-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. இதற்கு 'தி டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்' சரி, 'எ டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்' தப்பு. ஒரு பறவை சாகலாம், அற்றுப்போவது இனம்தான். கண்டுபிடிப்புகளும் இப்படியே. 1876-இல் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லைப் பற்றி 'இன்வென்டெட் தி டெலிஃபோன்' என்பார்கள். 'எ டெலிஃபோன்' என்றால் ஏதோ ஒரு மாடலைச் செய்தவர் ஆகிவிடுவார், பாவம்.

'எ'யின் பலம் வரையறையில். 'எ டிரையாங்கிள் ஹேஸ் த்ரீ சைட்ஸ்': எந்த முக்கோணத்தை எடுத்தாலும் பக்கம் மூன்று. 'எ' இருக்கும் இடத்தில் 'எனி' போட்டுப் படித்தாலும் பொருள் கெடவில்லையா, தாராளமாக எழுதலாம். ஆனால் 'எ வயலின் இஸ் பாப்புலர்' இடிக்கும். பிரபலமாக இருப்பது ஒவ்வொரு வயலினுக்கும் உள்ள குணம் இல்லையே. அங்கே 'தி வயலின்' கச்சிதம்.

'தி'யில் எனக்கு ஒரு குறை: கலைக்களஞ்சிய வாடை. விலங்கு, கருவி, உடலுறுப்பு பற்றிய கட்டுரைக்குப் பொருந்தும், பேச்சில் விறைப்பாக இருக்கும். 'மேன் இஸ் மார்ட்டல்' என்று எதுவுமே ஒட்டாமல் வருவது பழைய விதிவிலக்கு. எண்ண முடியாத 'வாட்டர்', 'கோல்ட்' எல்லாம் இந்தப் போட்டியிலேயே இல்லை.

பேச்சுக்கு என் ஓட்டு பன்மைக்குத்தான். நாய் பிடிக்கும் என்று சொல்ல 'ஐ லவ் எ டாக்' என்றால் ஏதோ ஒரு நாய்மேல் காதல். 'ஐ லவ் தி டாக்' என்றால் "எந்த நாய்?" என்பார்கள். 'ஐ லவ் டாக்ஸ்' என்றால் கேள்வியே வராது. பழக்கதோஷத்தில் 'தி டாக்ஸ்' என்று சொல்லிவிட்டால், மறுபடியும் "எந்த நாய்கள்?"