முதலில் சாலையா, வடிகாலா?

நகராட்சி கவுன்சிலருக்கு வார்டு நிதி கொஞ்சம்தான். சாலை போட்டால் ஒரே வாரத்தில் தெரு பளிச்சென்று ஆகிவிடும், ஓட்டும் விழும். வடிகால் என்றால் மாதக்கணக்கில் பள்ளம், தூசி, வாசலில் பலகை. வேலை முடிந்தாலும் கண்ணில் படாது.

ஆனாலும் என் ஓட்டு வடிகாலுக்கே. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டால் தெரு உயர்ந்து, ஐப்பசி மழை வீட்டுக்குள் வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொன்னது. அதோடு, சாலையை முதலில் போட்டால் அப்புறம் வடிகாலுக்காக அந்தப் புதுச் சாலையையே தோண்டுவார்கள்.

ஒரு நிபந்தனை: தண்ணீர் ஓடும் சரிவு பார்த்து வடிகாலை ஏரியிலோ ஓடையிலோ சேர்க்க வேண்டும். பாதியில் நிற்கும் வடிகால் கொசுப் பண்ணைதான். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, 'தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?'