பழைய டீசல் பிக்கப்: எஞ்சினைச் சுற்றித்தான் வேலை இருக்கிறது

என்னிடம் இருப்பது கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய காலத்து டீசல் பிக்கப். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, மெக்கானிக்கல் டீசல் பம்ப். பல வருடங்களாக லோடு ஏற்றியும் ஓட்டுகிறேன், காலியாகவும் ஓட்டுகிறேன். இந்த மாதிரி வண்டி வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சின் லேசில் தேயாது. டீசல் லைனுக்குள் போகும் காற்றும், டேங்கில் சேரும் தண்ணீரும், கூலிங் கோளாறும்தான் அதைப் படுத்தி எடுக்கும்.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் வீணாகப் பணத்தை விடுகிறார்கள். என் வண்டி ஒரு கட்டத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பேட்டரி நன்றாக இருந்தது, செல்ஃப் வேகமாகச் சுற்றியது, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்தன. ஆனாலும் நெடுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, குலுங்கிக்கொண்டேதான் பிடித்தது. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். பார்த்தவர்கள் பம்ப் தேய்ந்துவிட்டது, இறக்கிவிடலாம் என்றார்கள்.

பம்ப்பில் கை வைக்கும் முன், ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் டியூப் ஒன்றைப் போட்டேன். இரவு நிறுத்தும்போது டியூப் நிறைய டீசல் இருந்தது. காலையில் பாதி காலி. ஸ்டார்ட் செய்ததும் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக ஓடின. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்த வழியில் ஓட்டை விழுந்தால், ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலைப் போல, வெளியே சொட்டாமல் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் கீழே ஈரமே தெரியாது. என் வண்டியில் காற்று புகுந்தது ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்ப்பின் சீல் வழியாக. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களுக்கு இடையே ஓடி, மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களிலும் வெடிப்பு இருந்தது. இரண்டையும் மாற்றியபின் காலை ஸ்டார்ட்டிங் பழையபடி ஆகிவிட்டது.

பழைய வண்டிகளில் இது அதிகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய டீசலில் கந்தகம் மிகக் குறைவு. ஐரோப்பாவின் இஎன் 590 தரவிதிப்படி கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் மற்றச் சேர்மானமும் மாறுகிறது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் அதில் சுருங்கிக் கசிய ஆரம்பிக்கும். மாற்றும்போது விட்டான் ரப்பர் சீல் கேட்டு வாங்குங்கள். கந்தகம் குறைந்ததால் பம்ப் தேயும் என்று சொல்லி டேங்கில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வழுவழுப்புக்கும் அதே தரவிதியில் வரம்பு இருக்கிறது. ஒழுங்கான டீசல் என்றால் அதற்கான சேர்மானம் கலந்துதான் வருகிறது. நான் எதுவும் கலப்பதில்லை.

தண்ணீருக்கு வைத்தியம் எளிது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவேன். காலி இடம் குறைந்தால் ஈரம் சேர்வதும் குறையும்.

அப்புறம் சூடு. இந்த வகை எஞ்சின்களில் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. முன்னறை (டீசல் முதலில் பற்றிக்கொள்ளும் சிறு அறை) வைத்த சிலிண்டர் ஹெட், ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வால்வுகளுக்கு நடுவில் வெடித்துவிடலாம். டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். கூலண்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது, முள்ளும் ஒழுங்காகக் காட்டாது. எல்லோரும் மறக்கிற பொருள் ரேடியேட்டர் மூடி. அது பிடித்துவைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்த இருபது டிகிரி கையைவிட்டுப் போய்விடும். ஏற்றத்தில் லோடுடன் போகும்போது காப்பாற்றுவது அதுதான்.

ஆயில் மாற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிடுகிறதே என்று பயப்பட வேண்டாம், டீசல் எஞ்சினில் கரி கலந்து அப்படித்தான் ஆகும். நான் 15டபிள்யூ-40 ஊற்றி, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுகிறேன். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு ஆதாரம் கையில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

பிரேக்கில் இரண்டு விஷயம். பெடலை லேசாக்கும் பூஸ்டர் வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. பெட்ரோல் எஞ்சினைப் போல் டீசலில் தானாக வேக்குவம் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது டைனமோவின் முதுகிலேயே இருக்கும். பெடல் திடீரென்று கல்லாக இறுகினால் பூஸ்டரை மாற்றும் முன் இந்தப் பம்ப்பையும் அதன் ஹோஸையும் பாருங்கள். இரண்டாவது, பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் லோடு வால்வு. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். லோடு தாங்கட்டும் என்று கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தினால், வால்வு வண்டி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை சேர்த்தால் வால்வையும் சரிசெய்தே ஆக வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் கீழே படுத்துச் சேசிஸைப் பாருங்கள். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். எஞ்சினை மாற்றலாம், அழுகிய சேசிஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஏபிஎஸ், ஏர்பேக் கிடையாது என்பதையும், பல நகரங்களில் பழைய டீசலுக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

இப்போது என் வண்டியில் லோடு இழுக்கும்போது கறுப்புப் புகை முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஏர் ஃபில்டர் புதிது, அதனால் சந்தேகம் நாசில் மேல். ஸ்பிரிங் தளர்ந்து திறக்கும் அழுத்தம் குறைந்தால் டீசல் பனிபோலத் தூவாமல் சொட்டாக விழும். நான்கையும் கழற்றி டெஸ்டரில் வைத்து அழுத்தம் பார்க்கக் கொடுக்கப் போகிறேன். பம்ப்பைத் தொடுவது பற்றி அதற்கு அப்புறம்தான் முடிவு.