மூலிகை நாற்று வாங்க நல்ல இடம், பலகைகளைத்தான் திருத்தணும்

மருந்துவாழ்மலைக்குப் போகும் வழியில், பொற்றையடி பக்கம் இருக்கிற ஒரு மூலிகை நாற்றுப்பண்ணையைப் பற்றிய மதிப்புரை இது. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. செடிகளுக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். செடி வரிசைகளில் வைத்திருக்கும் பெயர்ப்பலகைகளுக்கு இரண்டுதான்.

நான் தேடிப் போனது பேய்மிரட்டி. நாட்டு மருந்துக் கடையில் சருகாகக் கிடைக்கும். உயிருள்ள செடி கேட்டால் பல நர்சரிகளில் குரோட்டனைக் காட்டுவார்கள். இங்கே நன்றாக வேர் பிடித்த செடிகள் இருந்தன. ஆனால் இரண்டு வகையை ஒரே வரிசையில், ஒரே பெயரில் கலந்து வைத்திருந்தார்கள். இலை நீண்டு தடித்து, அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிற ரோமம் மண்டியிருந்தால் அது அனிசோமிலிஸ் மலபாரிகா. இலை அகன்று மெல்லிசாக இருந்தால் அனிசோமிலிஸ் இண்டிகா. முதலாவது தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்துச் செடி. இரண்டாவது இந்தியாவிலிருந்து சீனா, தென்கிழக்கு ஆசியா வரை பரந்து கிடக்கிறது. பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் போட்டு விளக்கேற்ற நினைப்பவர்கள் ரோமம் உள்ளதையே எடுங்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, “ரெண்டும் ஒண்ணுதான் டீச்சரே” என்றார். இரண்டு இலைகளையும் திருப்பிக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “இது வேற சாதியாக்கும்” என்று அவரே பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

இனி பலகைகள். ஒவ்வொரு வரிசையிலும் மஞ்சள் பெயிண்டில் தமிழ்ப்பெயர், தாவரப்பெயர், குடும்பம், தாயகம் என்று நாலு வரி. இந்த அக்கறையை நம் மாவட்டத்து நர்சரிகளில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன்.

குடும்பம் பெரும்பாலும் சரி. துளசி, தும்பை, பேய்மிரட்டி, கற்பூரவள்ளி எல்லாம் லேமியேசி, அதாவது புதினாக் குடும்பம். சந்தேகம் இருந்தால் தும்பைத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். வழுக்கி உருளாது, நாலு பட்டை தட்டும். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடிக்குக் குறுக்கே அடுத்த ஜோடி. பூவுக்கு மேலுதடு, கீழுதடு. பூ உதிர்ந்த பிறகு அதன் அடியில் மிஞ்சுகிற புல்லிக் குழாயைப் பிரித்தால் உள்ளே நாலு குட்டிக் கொட்டைகள். பொங்கலுக்குத் தோல் சுரண்டிச் சுரண்டி நம் விரலெல்லாம் கறுத்துப்போகுமே, அந்தச் சிறுகிழங்கும் இதே குடும்பம்தான்.

நொச்சிக்கு மட்டும் வெர்பினேசி என்று வேறு குடும்பம் எழுதியிருக்கிறது. நான் பாடம் நடத்திய புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. 1990களில் உறவுமுறையை மறுபடி ஆராய்ந்து அடுக்கியபோது நொச்சி, தேக்கு எல்லாம் புதினாக் குடும்பத்துக்குள் வந்துவிட்டன. கற்பூரவள்ளிப் பலகையில் பிளெக்ட்ராந்தஸ் என்று இருப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1790இல் லூரெய்ரோ என்ற தாவரவியலாளர் அதைக் கோலியஸ் என்றுதான் எழுதினார், பிறகு பிளெக்ட்ராந்தஸ் ஆக்கினார்கள், 2019இல் மறுபடி கோலியஸுக்கே திருப்பிவிட்டார்கள். எந்தப் பெயிண்டர் இதன் பின்னால் ஓடுவார்?

பெரிய தப்பு தாயகம் வரியில். எல்லாச் செடிக்கும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’! விளவங்கோடு பக்கம் பனிக்கூர்க்கை என்று சொல்லும் கற்பூரவள்ளி, கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் அரேபியாவிலும் காடாக வளர்கிற செடி. நம் வீட்டுக் கிணற்றடியில் இருப்பதால் அது இந்த மலையில் பிறந்ததாகிவிடாது. சிறுகிழங்கும் ஆப்பிரிக்காக்காரன்தான். தும்பையோ மலைச்செடியே இல்லை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிலிப்பைன்ஸ் வரை வயல் வரப்பிலும் தரிசிலும் ரோட்டோரத்திலும் தானாக முளைக்கிற களை. 1822இல் லிங்க் என்ற ஜெர்மானியர் அதற்கு லூக்காஸ் ஆஸ்பெரா என்று வைத்த பெயர் இன்றும் மாறவில்லை. அந்த வரியாவது பலகையில் சரியாக இருக்கிறது.

உரிமையாளரிடம் நேரில் சொன்னேன். கோபப்படவில்லை. தாயகம் வரிக்கு ஒரே ஒரு தகடு வெட்டி, அதை வைத்தே எல்லாப் பலகையிலும் பெயிண்ட் அடித்தார்களாம். எழுத்தெழுத்தாக எழுதினால் கூலி கூடுகிறதாம். நியாயம்தான். அப்படியானால் அந்த வரியை அழித்துவிடலாமே? பள்ளிப் பிள்ளைகள் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

பேய்மிரட்டி 40 ரூபாய், கற்பூரவள்ளி 20. இரண்டுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். தும்பையை 30 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள், அதை வாங்காதீர்கள். காய்த்ததும் செத்துப்போகிற செடி அது. ஓணத்துக்குப் பூக்களம் போட வீட்டிலேயே பூ வேண்டுமென்றால், காய்ந்த தும்பையை வரப்பிலிருந்து பிடுங்கி வந்து தோட்டத்தில் உதறினால் போதும். அடுத்த மழைக்குத் தானே கிளம்பும்.

ஜிபே உண்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டிவிடுகிறார்கள். மலை ஏறப் போகிறவர்கள் இறங்கி வரும்போது வாங்குங்கள். முதலிலேயே வாங்கி வண்டியில் வைத்துவிட்டுப் போனால், வெயிலில் செடி துவண்டுவிடும்.