மாஸ்கிங் பழக எது மேல்: சிமுலேட்டரா, சக மாணவரின் காதா?

கேட்கும் திறனைச் சோதிக்கும் துறையான ஆடியாலஜி படிக்கும் பிள்ளைகள் முதல் நோயாளியைப் பார்க்கும் முன் எதில் கை பழகுவது? எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. மாணவர்களே ஜோடி சேர்ந்து ஒருவர் காதை மற்றவர் சோதிப்பது ஒன்று. கணினியில் ஆடியோமீட்டரையும் (கேட்கும் திறனை அளக்கும் கருவி) ஒரு கற்பனை நோயாளியையும் காட்டும் சிமுலேட்டர் மற்றொன்று. சில ஆண்டுகள் முதல் வழியில் நடத்திவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

செலவு, இடம், நேரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒலித்தடுப்பு அறையில் ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் வேலை செய்ய முடியும். கணினி அறையில் வகுப்பு முழுவதும் உட்காரலாம். சிமுலேட்டருக்கு உரிமத்தொகை உண்டு, காதுக்குக் கிடையாது. இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது மாஸ்கிங்: ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காது குறுக்கே கேட்டுவிடாமல் அதில் இரைச்சல் கொடுத்து மறைப்பது.

சக மாணவரின் காதில் சோதித்தால் என்ன வரும்? கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலி அளவு 5, 10, 0, 10 டெசிபல். இருபது வயதுக் காதுகள்; பெரும்பாலும் எல்லா அதிர்வெண்ணிலும் 15 டெசிபலைத் தாண்டாது. 1959-இல் கார்ஹார்ட்டும் ஜெர்கரும் எழுதிய, பதில் வந்தால் பத்து டெசிபல் இறக்கி, வராவிட்டால் ஐந்து ஏற்றும் முறை விரலுக்குப் பழகிவிடும். அத்தோடு சரி. ஆண்டு முழுக்கச் சோதித்தாலும் அடுத்த காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைக்க வேண்டிய தேவையே வராது. மாஸ்கிங்கைக் கரும்பலகையில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்கு வந்து நிற்பார்கள்.

அப்படி வந்தால் எங்கே விழுவார்கள் என்பதற்கு ஒரு கேஸ் போதும். வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காது முற்றிலும் செத்த காது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஹெட்போனில் இடது பக்கம் கொடுக்கும் ஒலி ஏறக்குறைய 40 டெசிபலைத் தாண்டினால் மண்டையோட்டைக் கடந்து வலது காதுக்குப் போகத் தொடங்கிவிடலாம். அதனால் இடது காதுக்கு 55, 60 என்று ஒரு காற்று வழி (ஹெட்போன் வழியே சோதித்த) அளவு கிடைக்கும். மண்டையோட்டை அதிரவைத்து உள்காதை நேராகச் சோதிக்கும் எலும்பு வழிக்கு அந்தத் தடையும் கிடையாது. வைப்ரேட்டரை இடது காதுக்குப் பின்னால் வைத்தாலும் வலது காக்லியா (உள்காது) கேட்டுவிடும். 5 அல்லது 10 என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: எலும்பு வழி நார்மல், காற்று வழி 60. பாடப்புத்தகத்தில் வரும் கடத்தல் வகைக் குறைபாடு (உள்காது சரி, ஒலி அங்கே போகும் வழியில் தடை) மாதிரியே அழகான ஆடியோகிராம். இடது காதோ ஒன்றையும் கேட்கவில்லை. அந்தத் தாளை நம்பி நடுக்காதில் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு தொடங்கினால் யார் பொறுப்பு?

நிஜ நோயாளியிடம் இந்தத் தவறு நடந்தால் மாணவருக்கு அது தெரியவே தெரியாது. காகிதம் சுத்தமாக இருக்கிறது, நோயாளி ஒழுங்காகப் பொத்தானை அழுத்தினார், எல்லாம் பொருந்துகிறது. பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் கவனித்தால் உண்டு. சிமுலேட்டருக்கோ உண்மையான விடை தெரியும். மாணவர் முடித்ததும் அவர் வரைந்ததையும் உள்ளே இருப்பதையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டும். நல்ல காதின் பதிலால் விழுந்த அந்த நிழல் கோட்டைப் பார்த்து முகம் மாறும் கணம் இருக்கிறதே, அதை எந்த விரிவுரையாலும் கொடுக்க முடியாது.

ஹூட் 1960-இல் விவரித்த சமதள முறையும் இப்படித்தான். வலது காதில் இரைச்சலைப் படிப்படியாக ஏற்றும்போது இடது காதின் அளவும் கூடவே ஏறினால், இன்னும் வலது காதுதான் பதில் சொல்கிறது. இரைச்சல் ஏறியும் அளவு நகராமல் நின்றால் அதுதான் இடது காதின் சொந்த அளவு. அதற்கும் மேல் ஏற்றினால் இரைச்சலே இந்தப் பக்கம் கடந்து வந்து காரியத்தைக் கெடுக்கும். படித்தால் பத்து நிமிடம். கைக்கு வர முப்பது கேஸ் வேண்டும். நிஜ நோயாளி முப்பது முறை உட்காருவாரா? சிமுலேட்டரில் ஒரே மதியத்தில் ஏழெட்டு கேஸ் முடித்துவிடுவார்கள். இரண்டு காதிலும் 60 டெசிபல் கடத்தல் குறைபாடு, எந்தப் பக்கம் இரைச்சல் கொடுத்தாலும் உடனே மிகையாகிவிடும் சிக்கல், இதெல்லாம் கிளினிக்கில் எப்போது வாசலுக்கு வரும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

சக மாணவர் காதை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஒரு காதில் நுரை அடைப்பான் செருகிச் சோதித்தால் தற்காலிகமாகக் கொஞ்சம் கடத்தல் குறைபாடு கிடைக்கும். எலும்பு வழிக்கு மாஸ்கிங் செய்து பார்க்க அது போதும். அடைப்பானை மேலோட்டமாகச் செருகினால் 250, 500 ஹெர்ட்ஸில் எலும்பு வழி ஒலி முன்பைவிட உரக்கக் கேட்பதும் தெரியவரும். அந்த வியப்பைத் தன் மண்டைக்குள்ளேயே உணர்ந்த பிள்ளை பிறகு மறப்பதில்லை. ஆனால் காற்று வழி மாஸ்கிங்குக்கு இந்த உபாயம் எட்டாது.

சிமுலேட்டரின் குறை கையில்தான் இருக்கிறது. மௌஸை அழுத்திப் பழகியவர் முதல்முறை வைப்ரேட்டரை வைக்கும்போது அது காதுமடலில் இடிக்கும், முடியின்மேல் உட்காரும். கம்மல், மூக்குக் கண்ணாடி கழற்றச் சொல்ல மறந்துபோகும். ஒலியைத் தாளம் தட்டுவதுபோல் சீராகக் கொடுக்கும் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். நிஜ நோயாளி அந்தத் தாளத்துக்கே பொத்தானை அழுத்துவார். முதியவர்களுக்கு ஹெட்போனின் அழுத்தத்திலேயே காதுக்குழாய் மடிந்து, உயர் அதிர்வெண்களில் இல்லாத குறைபாடு தோன்றுவதை இந்த இரண்டு வழியிலும் கற்க முடியாது. அதற்கு முதியவர்தான் வர வேண்டும்.

குழந்தைகளைச் சோதிக்கும் பயிற்சிக்கு இந்த ஒப்பீடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் வகுப்புகள் பெரும்பாலும் வயது வந்தோரைச் சார்ந்தவை. பொம்மையை டப்பாவில் போட்டுப் பதில் சொல்லும் நாலு வயதுக் குழந்தை, மூன்றாவது நிமிடத்தில் சலித்துப்போய்ச் சும்மாவே போடத் தொடங்கும் வேகத்தைத் திரையில் பார்த்துக் கற்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. முதலில் ஒரு வாரம் சக மாணவர் காது, கருவி கைக்கு அடங்கும்வரை. பிறகு ஐந்து வாரம் சிமுலேட்டர், அதில் பெரும்பகுதி மாஸ்கிங். கிளினிக்குக்கு அனுப்பும் முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செத்த காது கேஸ் கொடுப்பேன். கடத்தல் குறைபாடு என்று எழுதித் தருபவரிடம் ஒரு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கொடுத்து, இந்த ஆளின் நெற்றியில் வைத்தால் ஒலி எந்தக் காதில் கேட்கும் என்று கேட்பேன். கடத்தல் குறைபாடு உண்மையென்றால் கெட்ட காதில் கேட்க வேண்டும். செத்த காதென்றால் நல்ல காதில். கேஸ் விவரத்தில் அந்த விடை முதல் வரியிலேயே இருக்கும். பாதிப் பேர் அதைப் படிக்காமலேயே ஹெட்போனுக்குத் தாவியிருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் திரைமுன்தான்.