கிளினிக் மாத்திரைய நிப்பாட்டச் சொல்றவங்கள நம்பிடாதீங்க

ஹட்டன் பக்கம் தோட்டங்கள்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்காகத்தான் எழுதுறேன், வீட்ல யாருக்காவது மனநோய் இருந்தா தயவுசெஞ்சு முழுசா வாசிங்க.

என் தம்பிக்கு 24 வயசு. மூணு வருஷமா ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவுன்னு சொல்லுவாங்களே அதுதான், யாரோ பேசுற மாதிரி காதுல கேக்கும். மாசா மாசம் கொப்பிய எடுத்துக்கிட்டு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு போவோம், ஒலன்சபைன்னு மாத்திரை சும்மாவே தருவாங்க, அத போட்டு நல்லா தூங்கி எந்திரிச்சு மரக்கறி தோட்டத்துல வேலைக்கும் போய்க்கிட்டு இருந்தான். உடம்பு மட்டும் ஊதிக்கிட்டே வந்துச்சு, அம்மாவுக்கு அதே கவலை.

அந்தக் கவலையத்தான் புடிச்சுக்கிட்டாங்க. டவுன்ல ஒரு மாடி ரூம்ல விட்டமின் வைத்தியம்னு ஒருத்தர். "அம்மா, ஒங்க மகனுக்கு நோயே இல்ல, விட்டமின் குறைதான், கனடாவுல ஹோஃபர்னு ஒரு டொக்டர் 1950கள்லயே நயசின், அதான் விட்டமின் பி3, குடுத்து சுகமாக்கிட்டாரு, ரெண்டு நோபல் பரிசு வாங்குன போலிங் 1968ல இதப்பத்தி எழுதியே இருக்காரு, மருந்துக் கம்பனிக்கு நட்டம்னு டொக்டர்மாரு அமுக்கிட்டாங்க"ன்னாரு. நான் போன்ல தேடிப் பாத்தேன், அந்தப் பேரு வருஷம் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, அதுலதான் நம்பிட்டேன். மூணு மாசத்துக்கு 85,000 ரூவா. அம்மாவோட காதுத் தோட்ட அடகு வச்சோம். பில் கேட்டா ஒரு துண்டு கடதாசியில தொகைய எழுதிக் குடுத்தாங்க.

கிளினிக் மாத்திரைய அன்னைக்கே நிப்பாட்டணும், அது உள்ள இருந்தா விட்டமின் வேலை செய்யாதாம்.

500 மில்லிகிராம் நயசின், வேளைக்கு ரெண்டு, மூணு வேளை. அதாவது நாளைக்கு 3,000, சாதாரண ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு தேவையானது 16 தான். முதல் நாள் போட்டு அரை மணி நேரத்துல மொகம் காது கழுத்தெல்லாம் மொளகா அரைச்சு பூசுன மாதிரி செவந்து, சொறிஞ்சு சொறிஞ்சு அழுதான் புள்ள. போன் பண்ணுனா கழிவு வெளியாகுதாம், நல்லதாம். பொறவு மெதுவா கரையிற மாத்திரைன்னு மாத்திக் குடுத்தாங்க, செவப்பு கொறைஞ்சுச்சு, நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

அஞ்சாவது வாரம் தூக்கம் போச்சு. ராவெல்லாம் லயத்து செவத்துல காத வச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டு பெரியப்பா அவனப் பத்திதான் பேசுறாருன்னு நின்னான், அவரு பாவம் நல்லா தூங்கிட்டு இருந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு மழையில எறங்கி ஓடிட்டான். விடியக்காலையில தேயிலைக்குள்ள கான்ல ஒக்காந்திருந்தான், காலெல்லாம் அட்டை.

ஆஸ்பத்திரியில சேத்தப்ப கண்ணு மஞ்சள். ரத்தம் பாத்துட்டு ஈரல் பாதிச்சிருக்குன்னாங்க, மெதுவா கரையிற நயசின் கூடுதலா போட்டா ஈரலத்தான் அடிக்குமாம். அந்த டொக்டர் எங்கள ஏசவே இல்ல. விட்டமின் பி3 இல்லாம பெலாக்ரான்னு ஒரு நோய் வரும், அதுல புத்தி தடுமாறும், அதுக்கு நயசின் குடுத்தா சுகமாகும், அது உண்மை, ஆனா இது வேற நோய்னாரு. ஹோஃபர் சொன்னத கனடாவுலயே மத்த டொக்டர்மாரு திரும்ப செஞ்சு பாத்துருக்காங்க, பலன் கெடைக்கல, 1973ல அமெரிக்க மனநல டொக்டர்மாரு சங்கமும் ஆராஞ்சு பாத்துட்டு ஆதாரம் இல்லன்னு அறிக்கையே விட்டுருக்கு. அமுக்கவே இல்ல, செஞ்சு பாத்துட்டுத்தான் வேணாம்னு சொல்லியிருக்காங்க. மாடி ரூம்ல இந்தப் பாதிய மட்டும் சொல்லவே இல்ல.

காசு திருப்பிக் கேட்டதுக்கு மூணு மாசம் முடிக்கலைன்னு எங்க மேலயே பழி.

தம்பி இப்ப வீட்லதான், பழையபடி கிளினிக் மருந்து, கண்ணு வெளுத்துருச்சு, வேலைக்கு இன்னும் போகல. உடம்பு ஊதுறத டொக்டர்கிட்ட சொன்னோம், வேற மாத்திரைக்கு மாத்தித் தந்துருக்காரு, இத முன்னாடியே கேட்டிருக்கலாம்னு அம்மா இன்னும் அழுவுது. அவசரம்னா 1926க்கு அடிங்க, அங்கொடை மனநல ஆஸ்பத்திரி நம்பர்.

இப்ப அந்த விட்டமின் ஆளுங்க பத்தாந்தேதி சம்பளம் போட்ட கையோட லயம் லயமா வாறாங்களாம், போன வாரம் கீழ் டிவிசன்ல ரெண்டு வீட்ல அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க.