தொப்பூர் இறக்கத்துக்கு எது? எக்ஸாஸ்ட் பிரேக், இன்ஜின் பிரேக், ரிடார்டர்

கடலூர் சிப்காட்டில் லோடு ஏற்றும் லாரிக்கு ஊரைச் சுற்றி எல்லாம் சமதரைதான். அதே வண்டி தர்மபுரிப் பக்கம் போய்ச் சேலம் வழியாகத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வந்துவிடுகிறது. சமதரையில் பழகிய கால் அங்கே பிரேக்கை விட்டு எழுவதில்லை. ஆபத்தே அதில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் சாலையில் 28 டன் வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. வேகம் கூடாமல் பிடிக்க ஏறக்குறைய 137 கிலோவாட்டைக் கழிக்க வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 137-ஐ ஒரே நேரத்தில் போட்ட சூடு அது. டயரும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குப் போனால் டிரம் விரியும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிக்காது, மிதிக்க மிதிக்க பிரேக்கின் காற்றழுத்தமும் இறங்கும்.

டிரம்மின் சுமையைக் குறைக்கத்தான் தலைப்பில் சொன்ன மூன்றும். நம் லாரிகளில் பெரும்பாலும் இருப்பது எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயை ஒரு தட்டு வால்வு அடைக்கும், டீசல் நிற்கும், வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன் தள்ள வேண்டியிருக்கும். விலை குறைவு, வலுவும் சுமார்தான். கரி படிந்து தட்டின் தண்டு இறுகிப்போவது சகஜம். இன்ஜின் ஆறிய பின் அதன் லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போய்த் தானே திரும்ப வேண்டும்.

இன்ஜின் பிரேக் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பிஸ்டன் காற்றை அமுக்கி மேலே வந்ததும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பி உதைக்காமல் வெளியே போய்விடும். அமுக்கச் செலவான சக்தி அத்தனையும் வண்டியிடமிருந்து கழிந்த கணக்கு. 1931-இல் அமெரிக்காவின் கஹோன் கணவாயில் பிரேக் பிடிக்காமல் உயிர் தப்பிய டீசல் இன்ஜின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் பின்னாளில் உருவாக்கியது இது. 1961-இல் விற்பனைக்கு வந்தது. சைலன்சர் சரியில்லை என்றால் ஊரையே எழுப்பும்.

இந்த இரண்டும் கியரை நம்பியவை. ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறினால்தான் பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் இரண்டுமே இல்லாத மாதிரிதான்.

ரிடார்டர் வேறு ரகம். தனக்குள்ளே இருக்கும் சுழலும் சக்கரத்துக்கும் சுழலாத சக்கரத்துக்கும் நடுவே எண்ணெயைத் தள்ளிச் சுழற்சியைச் சூடாக்கும். சத்தமில்லை, பயணிக்குக் குலுக்கல் தெரியாது. ஆனால் அந்தச் சூடு ரேடியேட்டருக்குத்தான் போகிறது. தண்ணீர் கொதிக்கப் பார்த்தால் ரிடார்டர் தானாகவே பிடியைத் தளர்த்தும். மெதுவாகப் போகும்போதும் பிடி குறைவு. மின்காந்த வகையில் இந்த ரேடியேட்டர் தொல்லை இல்லை, எடையும் கரண்ட் செலவும் அதிகம்.

என்னைக் கேட்டால், புதுச்சேரியிலிருந்து மலைப்பக்கம் போகும் பயணிகள் பஸ்ஸுக்கு ரிடார்டர். கணவாய் வழியே அடிக்கடி போகும் லாரியைப் புதிதாக வாங்குகிறவர் இன்ஜின் பிரேக்கைக் கேட்டு வாங்கட்டும். எப்போதாவது போகிற வண்டிக்கு, பராமரித்த எக்ஸாஸ்ட் பிரேக்கும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்ட சின்ன கியரும் போதும்.

அப்புறம், ஐப்பசி மழையில் காலி வண்டியோடு இறங்கும்போது எதுவானாலும் அணைத்து வையுங்கள். இவை இன்ஜின் இழுக்கும் சக்கரங்களை மட்டுமே பிடிப்பவை. ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கிவிடும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, சின்ன கியரில் விட்டுவிட்டுக் கால் பிரேக் போடுவதே சரி.