முக்கால் அங்குல வென்சுரி: ஒரு மஞ்சள் வெள்ளாமைக்குப் பிறகு

கோபி பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சள், முழுக்கச் சொட்டு நீர். உரத்தைத் தண்ணீரோடு சேர்த்துவிட பிளாஸ்டிக் வென்சுரி (நடுவில் கழுத்துபோல ஒடுங்கி, பக்கத்து டியூப் வழியாக உரக் கரைசலை இழுக்கும் குழாய்) ஒன்று வாங்கினேன். டியூப், நுனி ஃபில்டர், இரண்டு பிரஷர் கேஜ் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். கரண்ட் வேண்டாம், சுழலும் பாகம் எதுவும் கிடையாது.

முதல் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பக்கெட்டில் 15 லிட்டர் 19:19:19 உரக் கரைசல் வைத்து மோட்டாரைப் போட்டேன். கரைசல் குறையவில்லை, ஏறியது. பத்து நிமிடத்தில் விளிம்பைத் தாண்டி வரப்பில் வழிந்தது. உரம் உள்ளே போவதற்குப் பதிலாக லைன் தண்ணீர் டியூப் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. விற்றவரைக் கேட்டால், "பிரஷர் பத்தலீங்க, பெரிய மோட்டார் போடுங்க" என்றார். அது தவறான யோசனை.

டிப்ளமோவில் படித்த பெர்னௌலி கணக்கை (ஓட்டத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது) அன்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். வெர்னியர் வைத்து அளந்ததில் வாய் 20 மி.மீ., நடுவில் இருக்கும் கழுத்து 8 மி.மீ. பரப்பு 6.25 மடங்கு சுருங்குகிறது, அதனால் வேகமும் 6.25 மடங்கு ஏற வேண்டும். நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் வாயில் 3.2 மீட்டர், கழுத்தில் சுமார் 20 மீட்டர் வேகம். வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் எத்தனை மீட்டர் தண்ணீர் அழுத்தம் என்று வரும்: கழுத்தில் 20.2, வாயில் 0.5. ஆக, கழுத்துக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட 2 கிலோ பிரஷர் (சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்றால் சுமார் 10 மீட்டர் தண்ணீர்) வேகமாக மாறிவிடுகிறது. வாயில் 1.8 கிலோ இருந்தால் கழுத்தில் வெளிக்காற்றைவிட 0.17 கிலோ குறைவு. பக்கெட்டிலிருந்து உரத்தை இழுப்பது அந்த 0.17 கிலோதான். உயரமாகச் சொன்னால் 1.7 மீட்டர்.

அப்படியானால் வென்சுரிக்குள் நொடிக்கு ஒரு லிட்டர் ஓடியே ஆக வேண்டும். எனக்கு ஓடவில்லை. வென்சுரி மெயின் லைனுக்குப் பக்கவழியாக இருக்கிறது. மெயின் லைனில் கேட் வால்வு முழுசாகத் திறந்திருந்தது, தண்ணீர் சுலபமான வழியில் போய்விட்டது. வென்சுரிக்குள் வேகம் இல்லை, கழுத்தில் முழு பிரஷர் அப்படியே நின்றது. பெரிய மோட்டார் போட்டிருந்தால் பக்கெட் இன்னும் சீக்கிரம் வழிந்திருக்கும்.

மறுநாள் வால்வை மெல்ல மூடினேன். முன் கேஜ் 1.8, பின் கேஜ் 1.1 காட்டியபோது டியூபுக்குள் நின்ற காற்றுக்குமிழ் ஒன்று நகர்ந்தது. பின்னாலேயே கலங்கிய கரைசல் மேலேறிப் போனது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கேஜ் இரண்டும் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கழுத்தைத் தாண்டி விரியும்போது பிரஷர் முழுசாகத் திரும்பி வராது, அந்த 0.7 கிலோ போனது போனதுதான். கடைசி வரிசைச் செடிகளுக்குச் சொட்டு மெலிகிறது. உரம் விடும் நாளில் மட்டும் பாத்தியை இரண்டு பாகமாகப் பிரித்துப் பாய்ச்சுகிறேன். லைன் தண்ணீர் டியூபுக்குள் திரும்பி வராமல் தடுக்க டியூப் வாயில் இருக்கும் குண்டு, பிளாஸ்டிக் பிசிறில் சிக்கியிருந்தது. நானே சீவி எடுத்தேன். புதுப்பொருளில் இது இருக்கக்கூடாது. மோட்டாருக்கு வோல்டேஜ் இறங்கினால் இழுவையும் இறங்குகிறது, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உரத் தொட்டியைவிட இது மேல் என்பேன். தொட்டியில் முதலில் கெட்டியாகவும் போகப்போக நீர்த்தும் போகும், இதில் பிரஷர் நிற்கும்வரை ஒரே அளவு. பக்கெட்டைக் குழியில் வைக்காதீர்கள், வென்சுரிக்கு ஓரடிக்குள் இருக்கட்டும். உரம் முடிந்ததும் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட்டுங்கள். கழுத்தில் உப்புப் படிந்தால் கம்பி விட்டுக் குடையாதீர்கள், 8 மி.மீ. அளவு மாறினால் இழுவையும் மாறிவிடும்.

ஐந்துக்கு நான்கு. அடுத்த வாழைக்கும் இதையே வைக்கிறேன்.